டிரம் ஒலித் தொகுப்பை எண்ணிக்கை பார்த்து வாங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலிருந்தபடியே கணினியில் ஹவுஸ் என்னும் நடன இசையைத் தயாரிக்கும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கான ஒலிகள் அடங்கிய பெரிய டிரம் சாம்பிள் பேக்காக, அதாவது பாடலில் எடுத்துப் பயன்படுத்துவதற்கென்று பதிவு செய்த டிரம் ஒலிகளின் தொகுப்பாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. கையில் இருக்கும் சொற்பப் பணத்தோடு இத்துறைக்கு வரும் பிள்ளைகளை அது தவறான பக்கம் திருப்பிவிடும்.

ஹவுஸ் இசை 1980-களில் சிகாகோவின் கறுப்பின இளைஞர்களிடையே வளர்ந்தது. அதன் முதுகெலும்பாக அமைந்த ரோலண்ட் டிஆர்-909 என்னும் டிரம் இயந்திரம் 1983-இல் வெளிவந்து, எதிர்பார்த்தபடி விற்காததால் ஓரிரு ஆண்டுகளிலேயே தயாரிப்பு நிறுத்தப்பட்டது. பிறகு, இரண்டாம் கைக்கு வந்த இயந்திரங்களே அந்த இளைஞர்களுக்குக் கைகொடுத்தன. அதில் இருந்தவை மொத்தம் 11 ஒலிகள்தான். அந்தப் பதினொன்றைக் கொண்டே ஓர் இசை வகை உலகம் முழுவதும் பரவியது என்றால், 11 ஒலிகளுக்குள் எத்தனை வேறுபாடுகள் ஒளிந்திருந்தன என்பதையே நாம் கவனிக்க வேண்டும். அந்த இயந்திரத்தின் கிக் (ஆழ்ந்த டிரம் அடி), ஸ்னேர் (கூர்மையான டிரம் அடி), கிளாப் (கைதட்டல் ஒலி) ஆகியவை மின்சுற்றிலேயே பிறப்பவை. கிக்கின் சுருதியையும் தாக்கத்தையும் நீளத்தையும் தனித்தனித் திருகுகளால் மாற்றலாம். ஹை-ஹேட் என்னும் ஜோடித் தட்டும் மற்ற சிம்பல்களுமோ உண்மையான தாளத் தட்டுகளிலிருந்து 6-பிட் என்னும் குறைந்த துல்லியத்தில் பதிவு செய்யப்பட்டவை. நாம் விரும்பும் அந்தச் சொரசொரப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே, '909 கிக்' என்று ஒரே ஒரு கோப்பை வைத்திருக்கும் தொகுப்பு, அத்திருகுகளின் ஒரே ஒரு நிலையை மட்டும் நமக்கு விற்கிறது. ஒரே கிக்கைப் பல நீளங்களிலும், ஒரே ஹை-ஹேட்டை மெல்லிய அடி, அழுத்தமான அடி எனப் பல அழுத்தங்களிலும் பதிவு செய்து தரும் சிறிய தொகுப்பு அதைவிடப் பல மடங்கு பயன்படும். அகல உழுவதினும் ஆழ உழுவதே மேல் என்பது இதற்கும் பொருந்தும்.

விற்பனைத் தளங்களில் ஒலிக்கும் மாதிரி இசையை நம்பி முடிவெடுப்பதும் சரியல்ல. அது தேர்ந்த ஒருவர் பாஸ் என்னும் தாழ்ந்த சுருதி இசையும் கீபோர்டும் சேர்த்து மெருகேற்றிய முழு இசை; அதில் நம் காதில் விழுவது அவருடைய கைத்திறன். முடிந்தால் தனி ஒலிகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 124 அடி வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி ஏறத்தாழ 484 மில்லிவினாடி. இரண்டு அடிகளுக்கு நடுவில் பாஸ் நுழைவதாக இருந்தால், 242-ஆவது மில்லிவினாடியிலேயே கிக் பெரும்பாலும் அடங்கியிருக்க வேண்டும். தனியாகக் கேட்கும்போது கம்பீரமாக இழுபடும் நீளமான கிக், பாஸ் வந்தவுடன் அதன் மேல் ஏறி இரண்டையும் குழப்பிவிடுகிறது. கிக்கின் அடிநாதம் பொதுவாக 50 ஹெர்ட்ஸை ஒட்டி இருப்பதால், மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கியில் அது கேட்கவே கேட்காது. நல்ல ஹெட்போன் இல்லாமல் கிக்கைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. இரண்டு கிக்குகளை ஒப்பிடும்போது ஒலியளவை முதலில் சமப்படுத்திக்கொள்வதும் அவசியம். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். பல தொகுப்புகள் கம்ப்ரஷனும் (ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைத்து உரக்கச் செய்யும் முறை) எதிரொலியும் ஏற்கெனவே ஏற்றப்பட்ட ஒலிகளையே தருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்றியதை இறக்க வழியில்லை என்பதால், எதுவும் சேர்க்காத ஒலிகள் கூடவே இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது நல்லது.

தனி ஒலிகளாக இல்லாமல், திரும்பத் திரும்ப ஓடும்படி முழுத் தாளமாகவே தொகுப்பில் வரும் லூப்களை நான் அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு லூப்பிலும் ஸ்விங் எனப்படும், சில அடிகளைச் சற்றே பிந்தி விழச் செய்யும் சிறு தாமதம் முன்கூட்டியே பதிந்துபோயிருக்கும். வெவ்வேறு ஸ்விங் கொண்ட இரண்டு லூப்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், வேகம் ஒன்றாகவே இருந்தும் ஹை-ஹேட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். ஹவுஸின் நடை முழுவதும் அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது. அதைத் தனி அடிகளை வைத்துத் தானே அமைத்துப் பழகாத ஒருவர், எத்தனை லூப் வாங்கினாலும் மற்றவர்களின் நடையிலேயே நடந்துகொண்டிருப்பார்.

உரிமம் பற்றி அக்கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. 'ராயல்டி-ஃப்ரீ' என்றால் இலவசம் என்று எண்ணி, டெலிகிராம் குழுக்களில் சுற்றும் திருட்டுத் தொகுப்புகளை எடுத்துப் பயன்படுத்தும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு முறை விலை கொடுத்தால் பிறகு பாடலுக்குப் பாடல் பங்கு தர வேண்டாம் என்பதே 'ராயல்டி-ஃப்ரீ' என்பதன் பொருள். இலவசமாக வெளியிடப்படும் தொகுப்புக்கும் உரிம நிபந்தனைகள் இருக்கலாம். பழைய டிஸ்கோ இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த லூப்களைத் தொகுப்பில் சேர்த்திருந்தால், அதற்கான அனுமதி பெறப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. யூடியூபில் ஏற்றிய பாடலுக்குத் திடீரென உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும்போது, தொகுப்பை வாங்கிய ரசீதும் உரிமப் பக்கத்தின் நகலும் கையில் இருந்தால்தான் எதிர்வாதம் செய்ய முடியும்.

இத்தொகுப்புகளின் உரிம விதிகள் அனைத்தும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சட்ட நடையில் இருக்கின்றன. அவற்றைத் துறை அறிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு எளிய தமிழில் விளக்கித் தங்கள் இணைப்பிதழில் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒலிக்கலவைப் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.