சரோஜாவுக்கு, மருமகளுக்குப் பட்டதைப் பற்றி

கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரோஜா,

கர்ப்பமாக இருக்கும் மருமகளுக்கு ரத்தம் படுகிறது என்று அன்றைக்கு நீ போனில் பதறியபோது, முதலில் ஸ்கேன் பாருங்கள் என்பதைத் தவிர நான் எதுவும் சொல்லவில்லை. பட்ட கறையை வைத்துக் காரணம் சொல்ல யாராலும் முடியாது, எத்தனை வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்திருந்தாலும் சரி. இப்போது குழந்தையின் இதயத் துடிப்பு தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். இனி நிதானமாகப் பேசலாம்.

முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பெண்ணுக்கு இப்படிக் கொஞ்சமாவது படுகிறது. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். நம் காலத்தில் யாரும் இதை வெளியே சொல்ல மாட்டார்கள், அதனால் நம் வீட்டில் மட்டும் நடப்பது மாதிரி தோன்றுகிறது.

ரிப்போர்ட்டில் 'சப்கோரியானிக் ஹெமட்டோமா' என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் உனக்குத் தூக்கம் வரவில்லை, இல்லையா? கருவைச் சுற்றியிருக்கும் சவ்வுக்கும் கர்ப்பப்பைச் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் ரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சின்னதாக இருந்தால் பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும், அல்லது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். இன்னும் சில நாள் பழுப்பாகப் பட்டாலும் மிரளாதே. பழுப்பு என்றால் உள்ளே தங்கியிருந்த பழைய ரத்தம். பெரிதாகிக்கொண்டே போனால்தான் கவலை. அதற்காகத்தான் டாக்டர் மறுபடி ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதைத் தவற விடாதே.

எல்லாருக்கும் இதே காரணம் இருக்காது. கரு கர்ப்பப்பையில் ஒட்டும்போது சிலருக்கு ஒன்றிரண்டு நாள் லேசாகப் படும். தீட்டு வர வேண்டிய தேதியை ஒட்டி வருவதால் அதையே தீட்டு என்று எண்ணிக் கணக்குச் சொல்வார்கள். அப்புறம் ஸ்கேனில் வாரம் ஒத்துப்போகாது. கர்ப்பமானதும் கர்ப்பப்பை வாய்க்கு ரத்த ஓட்டம் கூடிவிடுகிறது, லேசாக உரசினாலே படும். டாக்டர் உள்ளே சோதித்த அன்று வரலாம், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்த மறுநாள் வரலாம். இதை எந்த மருமகள் மாமியாரிடம் சொல்வாள்? அவளை டாக்டரிடம் தனியாகப் பேச விடு. கர்ப்பப்பை வாயில் சதை வளர்ச்சி, கிருமித் தொற்று இவற்றாலும் படுவதுண்டு.

பயப்பட வேண்டியது சினைக்குழாயில் கரு தங்குவதற்கு. நூறில் ஒன்றிரண்டு பேருக்கு அப்படி ஆகும். வெளியே கொஞ்சமாகத்தான் படும், உள்ளே குழாய் வெடித்து ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் இதெல்லாம் அதற்கு அடையாளம். முதல் ஸ்கேனில் கரு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே இதற்காகத்தான். உன் மருமகளுக்கு அது கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் குமிழ் குமிழாக வளர்வதை முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்பார்கள், அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது.

உன் நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கூட்டியில் போனதால்தான், பப்பாளி தின்றதால்தான் என்று அந்தப் பெண்ணின் காதுபடப் பேசுகிறாளாமே. நிறுத்தச் சொல். முதல் மாதங்களில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறோடு உருவானவை. அவள் மாடிப்படி ஏறியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போன தடவை கலைந்ததையும் அவள் தன் தலையில்தான் போட்டுக்கொண்டிருப்பாள், பாவம்.

கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பதும் அப்படித்தான். அந்தக் காலத்தில் கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்திப் படுக்க வைப்பார்கள். அதனால் கரு தங்கியதாக ஆராய்ச்சியில் நிரூபணமாகவில்லை. கனமானதைத் தூக்காமல், டாக்டர் சொல்லும்வரை சேராமல், வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்கட்டும். எழுதிக் கொடுத்திருக்கும் புரோஜெஸ்டிரோன், அதாவது கர்ப்பம் தங்க உதவும் ஹார்மோன், எதற்கு என்று கேட்டாய். 2019இல் பிரிட்டனில் இப்படி ரத்தம் பட்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் அதைச் சோதித்தார்கள். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் முன்பே கரு கலைந்திருந்த பெண்களுக்குப் பலன் இருப்பதாகத் தெரிந்தது. இவளுக்கு அது பொருந்துகிறது. நடுவில் நிறுத்த வேண்டாம்.

ஒன்றை நீ எழுதவே இல்லை: அவளுடைய ரத்த வகை. நெகட்டிவாக இருந்து உன் பையன் பாசிட்டிவ் என்றால் இன்றே டாக்டரிடம் சொல். எத்தனை வாரம், எவ்வளவு பட்டது என்பதைப் பார்த்து ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பு உண்டாக்காமல் தடுப்பது) வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். வேண்டுமென்றால் 72 மணி நேரத்துக்குள் போடுவதே நல்லது, அதனால் இனி பட்டாலும் உடனே சொல்லிவிட வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, வலி கூடினாலோ, தலை சுற்றினாலோ, காய்ச்சல் வந்தாலோ என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்காதே. பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? 108ஐக் கூப்பிட்டுக் கிளம்பிவிடு.

இங்கே என் மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது, இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மகள் தீபாவளிக்கு வருகிறாள், அவள் கிளம்பியதும் நான் அங்கே வந்து நாலு நாள் இருக்கிறேன். நாத்தனார் அப்போதும் அங்கேயே இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
வசந்தா