டவ்டெயிலா, ரெயிலா?

அன்புள்ள பாலு,

கடிதம் கிடைத்தது. நியூசிலாந்தில் குயின்ஸ்டவுன் பக்கம் வீடு மாறியது, பெரியவள் காலேஜ் சேர்ந்தது எல்லாவற்றையும் நாலு வரியில் முடித்துவிட்டு, மிச்சப் பக்கமெல்லாம் புது டிக்கா டி3எக்ஸ் ரைஃபிளில் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, எந்த மவுண்டில் பொருத்துவது என்றே கேட்டிருக்கிறாய். மாறவே இல்லைடா நீ. கால்கரியில் எல்லாரும் சுகம், என் முழங்கால் நீங்கலாக.

உன் ரைஃபிளில் ரிசீவர் (போல்ட் ஓடும் இரும்புக் கூடு) மேலேயே 17 மி.மீ. டவ்டெயில், அதாவது ஓரம் உள்சரிந்த நீளத் தடம், வெட்டியிருக்கும். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கை நேராக அதில் கவ்வவிடலாம். இல்லையென்றால் மேலுள்ள ஸ்க்ரூ ஓட்டைகளில் பிகாட்டினி ரெயிலை, அதாவது குறுக்கே வரிசையாகப் பள்ளம் வெட்டிய பட்டையை, முடுக்கி, அதன்மேல் ரிங். தார் என்ற மலையாட்டு வேட்டைக்கு மலையேறப் போகிறவன் நீ. என்னைக் கேட்டால் டவ்டெயில்தான். எடை குறையும், தளர்வதற்கு ஓர் இடமும் குறையும். அதைவிட, ஸ்கோப் தாழ உட்காரும். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் அழுந்தப் பதிந்தால்தான் படம் உடனே கண்ணுக்குக் கிடைக்கும். ரெயில் வைத்து உயர்த்தினால் தாடையை ஊன்றிக்கொண்டு தேட வேண்டியதுதான்.

ரெயிலையும் சும்மா சொல்லக்கூடாது. ஸ்கோப்பை முன்னே பின்னே நகர்த்த இடம் தாராளம். 800 மீட்டரில் இரும்புத் தட்டு அடிக்கிறவர்கள் 20 எம்ஓஏ (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு எம்ஓஏ) சரிவுள்ள ரெயில் போடுவார்கள். 100 மீட்டருக்கு 58 செ.மீ. கணக்கில் ஸ்கோப்பில் குறியை ஏற்றிக்கொள்ளக் கூடுதல் இடம் கிடைக்கும். 300 மீட்டருக்குள் சுடுகிற உனக்கு எதற்கு?

கடைக்காரர் தள்ளுபடியில் நீட்டும் வீவர் பேஸ், பிகாட்டினி போலவே இருக்கும் பழைய வகைப் பட்டை, வேண்டவே வேண்டாம். அதன் பள்ளத்தின் அகலம் 4.57 மி.மீ.; 1995-இல் அமெரிக்க ராணுவம் வரையறுத்த பிகாட்டினியில் 5.23. வீவர் ரிங் பிகாட்டினியில் பெரும்பாலும் உட்காரும். பிகாட்டினி ரிங் வீவரில் இறங்காது.

மிச்சமாகும் காசில் முடுக்கும் விசையை அளக்கிற டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர் வாங்கு. ரிங் மூடிக்குப் பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் வாக்கில் போட்டிருப்பான். பெட்டியில் இருப்பதே கணக்கு. எண்ணெயைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக வரும்படி மாற்றி மாற்றி முடுக்கு. அடியில் முளையுள்ள ரிங்காகப் பார்த்து வாங்கி, முளை ரிசீவர் குழியில் உட்கார்ந்ததா என்று பார். எடை குறைந்த .308 தோட்டா ரைஃபிள் நன்றாகவே உதைக்கும். முளை இல்லாவிட்டால் ரிங் மெல்ல மெல்ல முன்னால் வழுக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தை நின்றபடி பார்க்காதே. படுத்து, மேடு நோக்கிக் குறிவைத்துப் பார். அப்போதுதான் முகம் ஸ்கோப்பை ஒட்டி வரும், உதையில் புருவம் கிழிவதும் அப்போதுதான்.

தார் என்றதும் நம்ம நீலகிரி வரையாடுதான் ஞாபகம் வருகிறது. நீ தேடிப்போவது இமயமலைச் சாதி, 1904-இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுபோய் விட்டது. ஊரில் வரையாட்டை மாநில விலங்கு என்று காக்கிறோம். அங்கே செடிகொடியைத் தின்று தீர்க்கிறதென்று சுடச் சொல்கிறார்கள்.

ஸ்கோப்பின் முன் லென்ஸ் எத்தனை மி.மீ. என்று நீ எழுதவே இல்லை. 42-க்குள் என்றால் பெரும்பாலும் லோ ரிங் போதும். 50 என்றால் மீடியம் பார்க்கலாம். போல்ட் கைப்பிடி ஸ்கோப்பின் பின்பக்கம் இடிக்கிறதா என்றும் பார்த்து எழுது.

அன்புடன்,
ரகு