நடுவர் ஊர் திரும்புவாரா?

ஆசிரியருக்கு,

மதப் பிரிவுச் சண்டையில் வெளிநாட்டார் தலையிட்டாலே விபரீதம்தான் என்பவர்கள் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் மோதிக்கொண்ட வட அயர்லாந்தை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் அங்கே நடுவராகப் போனபோது தீர்வைச் சட்டைப்பையில் கொண்டுபோகவில்லை. இரு தரப்பும் கொட்டித் தீர்த்த வசைகளை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் கெடு வைத்தார். 1998 ஏப்ரல் 10 அன்று அந்தச் சண்டை ஓய வழிசெய்த புனித வெள்ளி உடன்பாடு கையெழுத்தானது. அங்கிருந்த ஆயுதக் குழுக்களின் ஆயுதக் களைவை மேற்பார்வையிட்ட ஆணையத்துக்கும் கனடாவின் ஓய்வுபெற்ற தளபதி ஜான் டி சாஸ்டலைன்தான் தலைவர். எதிராளியிடம் துப்பாக்கியை ஒப்படைத்தால் அது சரணாகதி; மூன்றாமவர் முன்னிலையில் அழித்தால் அப்படியில்லை. மானம் சமாதானப் பேச்சில் சின்ன விஷயமா என்ன?

லெபனான் வேறு கதை. 1989இல் சவூதி அரேபியாவின் தாயிஃப் நகரில் எட்டப்பட்ட உடன்பாடு உள்நாட்டுப் போர் ஓய வழிசெய்தது. ஆனால், நாடாளுமன்ற இடங்களைக் கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டதில் மதவாரி அரசியல் அப்படியே நிலைத்தது. அமைதிக்குத் துணைநிற்பதாகச் சொன்ன அண்டை நாடான சிரியாவின் படை 2005 வரை வெளியேறவே இல்லை.

எனவே, மத்தியஸ்தம் செய்ய வருபவரிடம் அனுபவத்தைவிட முதலில் கேட்க வேண்டியது, அவருக்கு அந்த மண்ணில் என்ன வேண்டும் என்பதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்