முதலில் கம்பெனி கடிதம், அப்புறம் விசா விண்ணப்பம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேறு நாட்டில் தங்கிக்கொண்டு, இப்போது பார்க்கும் வேலையையே ஆன்லைனில் தொடர்வதற்கான விசா பற்றி பத்திரிகைகளில் அடிக்கடி கட்டுரை வருகிறது. எந்த நாடு, எவ்வளவு சம்பளம் காட்ட வேண்டும், இந்த இரண்டோடு முடித்துவிடுகிறார்கள். சம்பளக் கணக்கு தேவைதான், மறுக்கவில்லை. ஜப்பான் ஆண்டுக்கு 1 கோடி யென் வருமானம் கேட்கிறது, கொடுப்பதோ 6 மாதம், நீட்டிப்பும் கிடையாது. தாய்லாந்து 2024இல் கொண்டுவந்த விசாவுக்கு 5 லட்சம் பாட் கையிருப்பு காட்ட வேண்டும். இதெல்லாம் யாரும் ஐந்து நிமிடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். விண்ணப்பம் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் வேறு இடத்தில்.

என் விண்ணப்பம் சிக்கியது கம்பெனி கொடுத்த கடிதத்தில். கேட்டதைவிடக் கூடுதலாகவே சம்பளம் இருந்தது, ஆறு மாத வங்கிக் கணக்கு, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் வைத்திருந்தேன். ஆனால் எச்.ஆர். கொடுத்த கடிதத்தில் 'வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி உண்டு' என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. எந்த நாட்டிலிருந்து, எத்தனை மாதம் என்று எதுவும் இல்லை. விசா அதிகாரிகள் திருத்திய கடிதம் கேட்டார்கள், கம்பெனி அதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பியது, ஏழு வாரம் கழித்துக் கடிதம் கைக்கு வந்தபோது காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. மறுபடி சான்றிதழ், மறுபடி அப்போஸ்டில் (சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் அத்தாட்சி முத்திரை), மறுபடி மொழிபெயர்ப்பு. கட்டிய கட்டணம் போனது போனதுதான்.

கம்பெனிகள் தயங்குவதற்கும் காரணம் உண்டு. ஊழியர் ஒருவர் வேறு நாட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால், கம்பெனிக்கே அங்கே ஒரு கிளை இருப்பதாக அந்நாட்டு வரித்துறை எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அவருக்கான சமூகப் பாதுகாப்புப் பணத்தை எந்த நாட்டில் கட்டுவது என்ற கேள்வியும் கூடவே வரும். மேலாளர் வாயால் 'சரி, போய்ட்டு வாங்க' என்று சொல்வதை நம்பி விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன்.

ஸ்பெயினில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். கம்பெனி குறைந்தது ஓராண்டாவது இயங்கியிருக்க வேண்டும், அதில் நீங்கள் 3 மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். போன மாதம்தான் வேலை மாறினீர்கள் என்றால், சம்பளம் இரண்டு மடங்கு ஆகியிருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். தனியாகத் தொழில் செய்பவர்கள் உள்ளூர் ஸ்பெயின் வாடிக்கையாளர்களிடமிருந்து தங்கள் மொத்த வேலையில் 20 சதவீதம் வரைதான் எடுக்கலாம். குடும்பத்தோடு போனால் காட்ட வேண்டிய தொகையும் ஏறும்.

வரி பற்றி விசா கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், நானும் அப்படித்தான் இருந்தேன். பல நாடுகளில் 183 நாள் என்பது முக்கியமான கோடு. எஸ்டோனியா 2020இல் தொடங்கிய விசா ஓராண்டு வரை கிடைக்கும், ஆனால் 12 மாதத்தில் 183 நாள் அங்கே தங்கிவிட்டால் வரிக்கணக்கில் நீங்கள் அந்நாட்டுக்காரர். ஓராண்டு விசா வாங்கியவர் எல்லா நாளும் தங்கத்தான் பார்ப்பார், இந்தக் கோட்டை விண்ணப்பிக்கும் முன்பே யாராவது சொல்ல வேண்டாமா?

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்த விசா பற்றி எழுதும்போது நாடுகளின் பட்டியலோடு கம்பெனி கடிதத்தின் மாதிரி ஒன்றையும் போடுங்கள். வேலைக்குச் சேர்ந்த தேதி, பதவி, சம்பளம், எந்த நாட்டிலிருந்து எத்தனை மாதம் வேலை செய்ய அனுமதி, கையெழுத்து போட்டவரின் தொடர்பு விவரம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். இதைக் கையில் வாங்கிய பிறகே மற்ற சான்றிதழ்களுக்கு அலையச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி