மடியில் வைக்க முடியாத மடிக்கணினி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரமே கைக்கு வந்துவிட்டது. பதில் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமில்லை. நீ கேட்டிருந்ததற்கு ஒரே வரியில் பதில் சொன்னால் அது பாதிப் பொய்யாகிவிடும் என்பதுதான் காரணம். புதிய வேலையால் வாரத்தில் பாதி நாள் ஒரு வீட்டிலும் மீதி நாள் இன்னொரு வீட்டிலுமாக இருக்க வேண்டியிருப்பதாகவும், பழைய மேசைக் கணினியைக் கொடுத்துவிட்டு உயர்தர கேமிங் லேப்டாப் ஒன்றை வாங்க நினைப்பதாகவும் எழுதியிருந்தாய். அப்படிப்பட்ட ஒன்றோடு நான் ஒன்றரை ஆண்டாகக் குடித்தனம் நடத்துகிறேன். வாங்கியதில் வருத்தமில்லை. ஆனால், வாங்கும்போது மனத்தில் போட்டுவைத்திருந்த கணக்கு எதுவும் அப்படியே நடக்கவில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். நீ வாங்கப்போவது ஒரு கணினியை அல்ல, ஒரே பெட்டிக்குள் குடியிருக்கும் இரண்டு கணினிகளை. கணினியின் மூளையான பிராசஸருக்குள்ளேயே இருக்கும், திரையில் படம் வரையும் சிறிய கிராபிக்ஸ் பகுதியை மட்டும் கொண்டு எழுத்து வேலை, மின்னஞ்சல், காணொளி ஆகியவற்றை ஓசையின்றிச் செய்துமுடிக்கும் சாதுவான கணினி ஒன்று. விளையாட்டுக்கென்றே இருக்கும் தனி கிராபிக்ஸ் சிப் விழித்துக்கொண்டதும் சுவரிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சி, விசிறிகளைச் சுழற்றி, அறையையே சூடாக்கும் முரட்டுக் கணினி மற்றொன்று. இவற்றில் எது இப்போது இயங்குகிறது என்று கவனிப்பதும், தேவையில்லாத நேரத்தில் இரண்டாவதைத் தூங்க வைப்பதும்தான் இதனோடு வாழ்வதில் பெரும்பகுதி.

வாங்கிய புதிதில் எனக்கு இது தெரியாது. என்னுடையதில் 99 வாட்-மணி (99 வாட்டை ஒரு மணி நேரம் தரக்கூடிய அளவு) பேட்டரி இருக்கிறது. விமானத்தில் முன் அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய அளவு 100 வாட்-மணி என்பதால், பெரிய பேட்டரி வைக்க விரும்புகிறவர்களும் அந்தக் கோட்டுக்குச் சற்று முன்பாகவே நிறுத்திக்கொள்கிறார்கள். எழுத்து வேலை மட்டும் செய்தால் கணினி சுமார் 14 வாட்தான் இழுக்கிறது. ஆகவே ஏழு மணி நேரம் தாங்க வேண்டும். எனக்கோ மூன்றரை மணி நேரத்திலேயே சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரியில்தான் பழுது என்று முடிவுகட்டி, கடைக்காரரோடு சண்டைக்குப் போகவும் தயாராகிவிட்டேன். பிறகு ஒருநாள், எந்தெந்தச் செயலி ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த, விசைப்பலகை விளக்குகளின் நிறத்தை மாற்றும் ஒரு செயலி தனி கிராபிக்ஸ் சிப்பை நாள் முழுவதும் தூங்கவிடாமல் பிடித்துவைத்திருந்தது. பயனே இல்லாத வண்ண விளக்குக்காக என் பேட்டரியில் பாதி போயிருக்கிறது! அந்தச் செயலியை நீக்கிய அன்றே கணக்கு சரியாகிவிட்டது. வெளித் திரையை இணைக்கும்போதும் இதையே நினைவில் வை. பல மாதிரிகளில் எச்டிஎம்ஐ துளை நேராகத் தனி கிராபிக்ஸ் சிப்போடு இணைக்கப்பட்டிருப்பதால், திரையைச் சொருகிய கணத்திலிருந்து அந்தச் சிப் விழித்தே இருக்கும்.

பேட்டரியில் விளையாடலாம் என்ற ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடு. முழு வேகத்துக்குத் தேவையான மின்சாரத்தைப் பேட்டரியால் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது என்பதால், சார்ஜரைப் பிடுங்கியதும் வேகம் பாதி அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அப்படி இறங்கியும் ஒரு மணி நேரம் தாண்டுவதில்லை. எனவே விளையாட்டு என்றால் அடாப்டர், அடாப்டர் என்றால் 330 வாட் செங்கல். கணினியின் எடை 2.6 கிலோ, அந்தச் செங்கலையும் சேர்த்தால் மூன்றரைக் கிலோவைத் தாண்டுகிறது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இதில் முதுகுவலிதான் வருகிறது. ஆகவே, நீ எந்த மாதிரியை வாங்கினாலும், கூடவே இரண்டாவது அடாப்டர் ஒன்றையும் வாங்கி அந்த இன்னொரு வீட்டிலேயே நிரந்தரமாக வைத்துவிடு. நான் செய்த செலவுகளிலேயே உருப்படியானது அதுதான். பயணத்தில் எழுத்து வேலைக்கு 100 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் போதும். உள்ளங்கை அளவுதான் இருக்கும். யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்பதை மட்டும் வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்.

பையில் வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். முதல் மாதத்தில் ஒருநாள் மூடியைச் சாத்திப் பைக்குள் வைத்துவிட்டு நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தேன். உள்ளே கை வைத்தால் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்ததுபோல் இருந்தது. விசிறி அந்த இருட்டுக்குள் மூச்சுத் திணறிச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போதைய ஸ்லீப் நிலை முழுத் தூக்கம் அல்ல, கோழித் தூக்கம். இணையம், அப்டேட் என்று ஏதாவது ஒன்று இடையில் எழுப்பிவிடும். நினைவகத்தில் இருப்பதைக் கணினியின் சேமிப்பகமான எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு அடியோடு அணைந்துபோகும் ஹைபர்நேட்தான் பைக்கு ஏற்றது. விண்டோஸில் அது மெனுவில் தானாகத் தெரியாது. கன்ட்ரோல் பேனலில் பவர் பகுதிக்குப் போய் நாமே அதை வரவழைக்க வேண்டும்.

சூடு பற்றி நீ கேட்கவில்லை; ஆனால் கேட்டிருக்க வேண்டும். விடுதி அறையில் உன் பழைய கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, எதிரே மேசை விசிறியை வைத்து, நாம் இருவரும் வியர்வையில் நனைந்தபடி விளையாடியது நினைவிருக்கிறதா? அன்று நாம் செய்ததைத்தான் இன்று இரண்டு செமீ தடிமனுக்குள் அடக்கி விற்கிறார்கள். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கை ஊன்றும் இடம் சூடாவதில்லை. W விசைக்கு மேலே உள்ள தகட்டில் மட்டும் விரலை வைத்திருக்க முடியாது. கணினியின் பின்விளிம்பை இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்தால், அடியிலுள்ள துளைகளுக்குக் காற்று கிடைத்துச் சில டிகிரி இறங்குகிறது. பத்தாம் மாதத்தில் அடித்தகட்டைத் திறந்தபோது, விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணிபோல் படிந்திருந்தது. இடுக்கியால் ஒரே துண்டாக உரித்தெடுத்தேன். காற்றடித்துச் சுத்தம் செய்வதாக இருந்தால், விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு அடி.

ஓசையைக் குறைக்க நான் கண்ட வழி மிக எளியது. திரை விநாடிக்கு 240 பிரேம், அதாவது 240 படங்கள், காட்டக்கூடியது என்பதற்காக எல்லா விளையாட்டையும் அந்த வேகத்தில் ஓட்ட வேண்டியதில்லை. கதை சொல்லும் விளையாட்டுகளை 90 பிரேமில் நிறுத்திவைத்தேன். 150 வாட் இழுத்துக்கொண்டிருந்த கிராபிக்ஸ் சிப் 80 வாட்டுக்குள் அடங்கியது, பக்கத்து அறையிலிருந்து வந்துகொண்டிருந்த புகாரும் நின்றது. துப்பாக்கி சுடும் விளையாட்டுகளுக்கு மட்டும் வரம்பை எடுத்துவிடுகிறேன். பேட்டரியும் 80 சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி அமைத்திருக்கிறேன். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்திருப்பதுதான் லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கிழடாக்குகிறது.

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதே. 2023-இல் லேப்டாப்புக்கென்று வந்த ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கிராபிக்ஸ் சிப்பில் 16 ஜிபி நினைவகம்தான். அதே பெயருள்ள மேசைக் கணினி கிராபிக்ஸ் அட்டையில் 24 ஜிபி. மேசை அட்டைக்கு 450 வாட் வரை கிடைக்கும். லேப்டாப்பில் 175 வாட்டைத் தொட்டாலே அதிகம். அதிலும், ஒரே சிப்பை ஒரு மாதிரியில் 80 வாட்டிலும் இன்னொன்றில் 150 வாட்டிலும் ஓட்டுவார்கள், பெயர் மாறாது. ஆகவே, சிப்பின் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது என்பதைத் தேடிப் படி. மெல்லிய உடலோடு பெரிய பெயரைச் சேர்த்து விற்பதைவிட, சற்றுத் தடித்த உடலில் ஒரு படி கீழான சிப்பையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஒரே மேசையில் உட்கார்ந்து விளையாடுகிறவனாக நீ இருந்திருந்தால் மேசைக் கணினியே போதும் என்றிருப்பேன். இரண்டு வீட்டுக்காரன் ஆகிவிட்டாய். உனக்கு இது பொருந்தும். நீ பார்த்துவைத்திருக்கும் மாதிரிகளின் பெயரையும் வாட் அளவையும் எழுதி அனுப்பு. அதுவரை சனிக்கிழமை இரவுகளில் உன் பழைய கணினியிலேயே வந்து சேர். பேச்சுக்கு நடுவில் என் மைக்கிலிருந்து காற்றிரைச்சல் கேட்டால், தோற்றுக்கொண்டிருக்கிறேன், வரம்பை எடுத்துவிட்டேன் என்று அறிந்துகொள்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்