ஒன்பதரை மணிக்கு வரும் குணசேகரன்

திருச்சிராப்பள்ளி,
ஞாயிறு மாலை.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பேரன் அழாமல் பள்ளிக்கூடம் போகிறான் என்பதையும், உன் முழங்கால் வலி கொஞ்சம் தணிந்திருக்கிறது என்பதையும் படித்து நிம்மதியாக இருந்தது. ‘இந்த வயதில் சீரியல் பார்த்துவிட்டு வீட்டில் வழக்காடுகிறாயாமே’ என்று கேட்டிருந்தாய். என் மகள்தான் உன்னிடம் சொல்லியிருப்பாள். வழக்கு நடந்தது உண்மை, இன்னும் தீர்ப்பாகவில்லை.

2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் ‘எதிர்நீச்சல்’ தொடங்கியபோது, ‘கோலங்கள்’ இயக்கிய திருச்செல்வத்தின் தொடராயிற்றே என்பதற்காகத்தான் பார்க்க உட்கார்ந்தேன். நாம் விடுதியில் இருந்து படித்த அதே மதுரையில் ஒரு கூட்டுக் குடும்பம். நான்கு சகோதரர்கள். படித்த பெண்களாகத் தேடிப் பிடித்து மருமகளாக்கிக்கொண்டு, வந்த பிறகு அவர்களை அடுப்படிக்கு அப்பால் காலெடுத்து வைக்க விடாத மூத்தவர் ஆதி குணசேகரன். படிக்காத பெண்ணை அடக்குவதில் அந்த மனிதருக்கு என்ன பெருமை இருக்கப் போகிறது? பட்டம் வாங்கியவளைத் தலைகுனிய வைத்தால்தானே ஊர் பார்க்கும்? இந்த நுட்பத்தைப் பிடித்ததற்காகவே அந்தத் தொடரை எழுதியவர்களைப் பாராட்டலாம். குணசேகரனின் வசனங்களை எழுதியவர் ஸ்ரீவித்யா என்ற பெண் என்பது தெரிந்தபோது எனக்கு வியப்பே ஏற்படவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்த காதுக்குத்தான் அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கம் அவ்வளவு துல்லியமாகப் பிடிபடும்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்குப் பின்னணிக் குரல் கொடுக்கப் போன இடத்தில் மாரடைப்பு வந்து காலமானார். அன்று என் நாத்தனார் தொலைபேசியில் அழைத்து, வீட்டு மனிதர் ஒருவர் போய்விட்டதைப் போல விம்மினாள். ஒன்றரை ஆண்டு காலம் இரவு ஒன்பதரை மணிக்கு அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தவள் அவள். நடிகர் வேறு, பாத்திரம் வேறு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவரைத் திட்டுவதில் அவளுக்கு ஏதோ ஓர் ஆறுதல் கிடைத்திருக்கிறது. வீட்டில் யாரையும் நேரே திட்ட முடியாதவர்களுக்கு அந்த அரை மணி நேரம் ஒரு சலுகை. பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார்; 2024 ஜூனில் தொடர் முடிந்து, டிசம்பரில் இரண்டாம் பாகமும் தொடங்கிவிட்டது. நானும் விடாமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், சிரிக்காதே.

சண்டை எப்படி வந்தது என்று சொல்கிறேன். மாரிமுத்துவின் ‘ஏம்மா ஏய்’ என்ற அதட்டல் ஊரெங்கும் பரவி, கைப்பேசியில் வேடிக்கைப் படங்களாக உலவிய காலத்தில் என் மகனுக்கும் அது தொற்றிக்கொண்டது. மருமகள் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவள். இவன் கூடத்திலிருந்து, குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, ‘ஏம்மா ஏய், காபி’ என்பான். முதல் நாள் அவளும் சிரித்தாள்; நானும் சிரித்தேன். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல், ‘வேடிக்கைக்குக் கேட்டீர்கள் என்றால் காபியையும் வேடிக்கைக்குக் குடித்துக்கொள்ளுங்கள்’ என்றாள். கூடம் அடங்கிவிட்டது. மகன் முகம் சுருங்கி, ‘ஒரு ஜோக் சொல்லக்கூட இந்த வீட்டில் உரிமை இல்லையா’ என்றான். அன்றிலிருந்து காபி அவனே போட்டுக்கொள்கிறான், சர்க்கரை டப்பாவை மூடாமல் வைத்துவிடுவதைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை.

என் வீட்டுக்காரரின் கதை வேறு. அவர் ஒருநாளும் என்னை அதட்டியதில்லை என்பது உனக்கே தெரியும். தொடர் ஓடும்போது, ‘என்ன ஜென்மம் இவன், நாலு பெண் பாவம் சும்மா விடுமா’ என்று உண்மையாகவே கொதிப்பார். கொதித்துக்கொண்டே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், வெந்நீருக்காக டம்ளரை என் பக்கம் நீட்டுவார். தோசை தின்ற தட்டில் சட்னி காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அது நாற்காலிக்கு அடியிலேயே கிடக்கும், விளம்பர இடைவேளையில் நான் எடுத்துப் போகும்வரை. அவ்வளவு பெரிய கொடுமைக்காரனைத் திரையில் பார்க்கிறவருக்குத் தன்னைப் பற்றி ஒரு சந்தேகமும் எழாது. ‘நான் குணசேகரன் இல்லையே’ என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடுகிறது. இதுதான் எனக்கு அந்தத் தொடரின்மேல் உள்ள பெரிய குறை, அல்லது அதைப் பார்க்கும் எங்கள்மேல்.

2020 ஊரடங்கில் ‘மெட்டி ஒலி’யை மறுபடி ஒளிபரப்பினார்களே, அப்போதே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். மாமியார் வீட்டில் சரோஜா படும் பாட்டைப் பார்த்து முதல்முறை ஒளிபரப்பானபோது நாம் இருவரும் அழுதிருக்கிறோம். மறு ஒளிபரப்பில் என் மகள், ‘அவள் ஏன் கிளம்பி வரவில்லை’ என்று ஒரே கேள்விதான் கேட்டாள். ‘அப்பா மனம் கஷ்டப்படுமே’ என்று நான் பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது என் பதிலாகவும் இருந்தது நினைவுக்கு வந்தது.

இப்போது நடக்கும் வழக்குக்கு வருகிறேன். தொடரில் குடும்பச் சொத்தில் அப்பத்தாவின் நாற்பது சதவீதப் பங்கைப் பறிக்கக் குணசேகரன் துடித்த நாட்களில், ‘கிழவியின் பங்கைக் கிழவியிடம் கொடுக்க வேண்டியதுதானே’ என்று நியாயம் பேசியவர் இதே என் கணவர். போன மாதம் கிராமத்து நிலத்தைப் பிரிக்கும் பேச்சு வந்தது. நாத்தனாருக்குப் பங்கு என்றதும், ‘கல்யாணத்துக்குப் போட்ட முப்பது பவுன் என்ன ஆயிற்று’ என்றார். பிறகு சட்டமும் பேசினார்: 1989 இல் தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்த சட்டம், அதற்கு முன்பே மணமாகிப் போனவர்களைச் சேர்க்கவில்லை, இவளுக்கு 1986 இலேயே கல்யாணம் ஆகிவிட்டதே என்றார். அந்தச் சட்டத்தில் தமக்கு வேண்டிய வரி மட்டும் எப்படி நினைவிருக்கிறது பார். 2005 இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு அந்த விலக்கு போய்விட்டது என்பதையும், தகப்பனார் அந்தத் திருத்தம் வந்த தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதையும் நான் சொன்னேன். ‘சீரியல் பார்த்துக் கெட்டுப்போய்விட்டாய்’ என்றார். சட்டத்தை நான் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது அவருக்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், நாத்தனாரே, ‘அண்ணன் மனம் கோணக் கூடாது அண்ணி, எழுதிக் கொடுத்துவிடுகிறேன், பிறந்த வீட்டு வாசல் திறந்திருந்தால் போதும்’ என்கிறாள். திரையில் அந்த வீட்டு மருமகள்கள் ஈஸ்வரியும் நந்தினியும் எதிர்த்துப் பேசும்போது கைதட்டுகிறவள் இவள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் அண்ணன்களுக்கு நானும் ஒரு சொல் கேட்காமல் கையெழுத்துப் போட்டவள்தான். வாசல் திறந்துதான் இருக்கிறது, பொங்கலுக்கு ஒரு புடவையும் வருகிறது.

நாத்தனார் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தின் நகல் பத்திர எழுத்தரிடமிருந்து வந்து அலமாரியில் இருக்கிறது. வருகிற புதன்கிழமை நாத்தனார் வருகிறாள். முதலில் அதை அவள் கையில் கொடுத்து முழுவதும் படிக்கச் சொல்லப் போகிறேன், அவள் மூக்குக்கண்ணாடியை மறக்காமல் கொண்டுவரச் சொல்லியும் ஆயிற்று. என்ன நடந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். உன் அண்ணன் வீட்டில் அந்தப் பழைய மனை விஷயம் என்ன ஆயிற்று என்று நீ எழுதவே இல்லையே?

என்றும் அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழி