எரிந்த பக்கத்தையும் படம் எடு

உரும்பிராய், யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகமாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. கிணற்றில் தண்ணீர் சற்றுக் கீழே போயிருக்கிறது. மற்றபடி வளவில் ஒரு குறையும் இல்லை.

கனடாவின் வாட்டர்ட்டன் தேசியப் பூங்காவில் இருந்து திரும்பும்போது நீ காரில் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாய். "வேறு இடத்துக்குக் கூட்டிப் போயிருக்கலாம் அப்பா, மலையெல்லாம் எரிந்து கிடக்கிறது" என்றாய். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை என்று நீ எடுத்துக்கொண்டிருப்பாய். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன் நான். பிரெய்ரிப் புல்வெளியையும் றொக்கி மலையையும் எத்தனை தடவை கரும்பலகையில் கீறியிருப்பேன்! இரண்டுக்கும் நடுவே சிறு குன்றுகளைப் படிப்படியாக உயர்த்திக் கீறுவேன். அங்கே வந்து பார்த்தால் குன்றே இல்லை. புல் முடிகிற இடத்தில் மலை சுவராக எழுந்து நிற்கிறது. 150 கோடி வருடப் பழைய பாறை மேற்கில் இருந்து தள்ளுண்டு வந்து, தன்னைவிட மிக இளைய பாறையின் மேல் ஏறியதால் வந்த தோற்றம் அது. மலையே இல்லாத கீரிமலையை மலை என்று சொல்லி வளர்ந்த எனக்கு, காரை விட்டு இறங்கியதும் கைகூப்பத் தோன்றியது. சோளகக் காற்றில் வளர்ந்தும், 1927இல் திறந்த அந்தப் பெரிய ஹொட்டேல் நிற்கிற மேட்டில் என்னால் கால் ஊன்ற முடியவில்லை. ஏரிக் காற்று சால்வையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது.

செம்பாறைப் பள்ளத்தாக்கில் நான் குனிந்து கல்லைத் தடவிக்கொண்டு நின்றதைப் பேரன் கேலி செய்தான். அவனுக்குச் சொல்லு: அந்தச் சிவப்பு, கல்லில் உள்ள இரும்பு துருப்பிடித்த சிவப்பு. எங்கள் தோட்டத்துச் செம்மண்ணின் நிறத்துக்கும் அதே இரும்புதான் காரணம். பழைய கடலின் அலை மடிப்பு இன்னும் அந்தக் கல்லில் இருக்கிறது. நாங்கள் கிணறு வெட்டுகிற சுண்ணக்கல்லும் ஒரு காலத்தில் கடலின் அடிதான்.

இனி அந்த எரிந்த மலைக்கு வருகிறேன். 2017 செப்டெம்பரில் வந்த தீ, பூங்காவுக்குள் மட்டும் 19,000 ஹெக்டேயருக்கு மேல் எரித்தது என்று மருமகன் சொன்னார். பூங்காவுக்குள் இருக்கிற ஊரைத் தீயணைப்பாளர்கள் காப்பாற்றிவிட்டார்களாம். கிளையில்லாமல், பட்டையில்லாமல், சாம்பல் நிறத்தில் வரிசை வரிசையாக நின்ற மரங்களைப் பார்த்தபோது எனக்குப் போர் நடந்த முகமாலை நினைவுக்கு வந்துவிட்டது, பிள்ளை.

2002இல் போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்தபோது உன்னை மடியில் வைத்துக்கொண்டு அவ்வழியால் பஸ்ஸில் போனோம். "ஏன் அப்பா பனைக்குத் தலை இல்லை?" என்று கேட்டாய். அன்றும் நான் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. போரில் செல், அதாவது எறிகணை, விழுந்த பனைகள் அவை. பனைக்கு ஒரே ஒரு குருத்துத்தான். அது போனால் மரம் மறுபடி துளிர்க்காது, நின்றபடியே உக்கிப்போகும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வாட்டர்ட்டன் மரங்களும் செத்தவைதான். ஆனால் அங்குள்ள ஒருவகைப் பைன் மரத்தின் காய்கள் பிசினால் ஒட்டி மூடிக் கிடக்குமாம். தீச்சூட்டில் பிசின் உருகினால்தான் விதை வெளியே விழுமாம். கீழே ஊதாப் பூக்களுக்கு நடுவே என் இடுப்பளவுக்குக் கன்றுகள் நெருக்கமாக நின்றதை நீ கவனித்தாயா? நான் எண்ணத் தொடங்கி, முடியாமல் விட்டுவிட்டேன். அப்போதுதான் தொண்டை அடைத்தது.

இந்த மாரிக்கு முந்திப் பளைக் காணியின் வேலியோரம் பனங்கொட்டை ஊன்றப் போகிறேன். நூறு கொட்டை சேர்த்துவிட்டேன். காய்க்கப் பதினைந்து, இருபது வருடம் செல்லும். அது பேரனின் கணக்கு.

ஏரியையும் ஹொட்டேலையும் எடுத்த படங்கள் வந்து சேர்ந்தன. எரிந்த பக்கத்தில் ஒரு படம்கூட இல்லை. அடுத்த கோடையில் போனால் அதே வளைவில் நிறுத்தி, அந்தக் கன்றுகளுக்குப் பக்கத்தில் பேரனை நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பு. யார் உயரம் என்று பார்க்க வேண்டும்.

அம்மா ஒடியல் மாவும் பனாட்டும் கட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா